ஹரியின் மூன்று கோடுகள்

பாதி தெரிந்தவர்கள் வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகத்தில் பாதித் தொல்லை குறையும். ரோஹிணிக்கு இது தெரியாத விஷயமில்லை. திருப்பதியில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்த அன்றைக்கே பேராசிரியர் நாகபூஷணம் சொல்லிவைத்த விதி அதுதான். நாம் பார்த்ததை டாக்டரிடம் சொல்வோம், டாக்டர் நோயாளியிடம் சொல்வார், நடுவில் நமக்குப் பேச்சில்லை. அவளும் பூம்பூம் மாடு போலத் தலையை ஆட்டினாள். சொந்த அக்கா பிள்ளையின் ரத்தமே ஒருநாள் அந்த ஆய்வுக்கூடத்துக் குளிர்பெட்டியில் வந்து உட்காரும் என்று அப்போது யார் கண்டது?

அக்கா வள்ளி நகரியில் வாழ்க்கைப்பட்டவள். அவள் புருஷன் பிரபாகர் வீட்டோடு விசைத்தறி போட்டு ஓட்டுகிறவன். இருவருக்கும் தவமிருந்து பிறந்த ஒரே பிள்ளை ஸ்ரீஹரி. பால்குடி மறந்த நாளிலிருந்து அவனுக்கு உடம்பு தேறவில்லை. கை கால் குச்சி, வயிறு மட்டும் பானை. சாப்பிட்டதை வாந்தி எடுப்பான், சில நாள் திடீரென்று வியர்த்துப் போய்த் துவண்டு விழுவான். சாமியார், மந்திரித்த கயிறு எல்லாம் முடிந்து சித்தூரில் ஒரு டாக்டரிடம் காட்டினார்கள். ஈரல் வீங்கியிருக்கிறது, இது இங்கே ஆகிற காரியமில்லை, திருப்பதிக்குக் கொண்டுபோங்கள் என்று அவர் நாணயமாகச் சொல்லிவிட்டார். திருப்பதியில் குழந்தைகள் வார்டில் படுக்கவைத்துச் சொட்டு மருந்து ஏற்றினார்கள். அங்கே பார்த்த டாக்டர் பாஸ்கருக்கு ஒரு சந்தேகம் வந்து, சேர்த்த அன்றே எடுத்த ரத்தத்தில் ஒரு குழாயை நாகபூஷணத்தின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்.

சந்தேகம் இதுதான். ரத்தத்தில் இரும்பைச் சுமந்துகொண்டு திரிகிற ஒரு புரதம் உண்டு. அதில் இரண்டு இடங்களில் சர்க்கரைச் சங்கிலி மாட்டியிருக்க வேண்டும். நாம் காபியில் போடுகிற சர்க்கரை இல்லை. நாலைந்து வகைச் சர்க்கரைகளைக் கோத்து ஈரல் தானே செய்துகொள்கிற சங்கிலி. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அந்தக் கோக்கிற வேலை கெட்டுப்போயிருக்கும். அப்படியா என்று பார்ப்பதற்கு, இருக்கிற சங்கிலிகளைப் புரதத்திலிருந்து வெட்டிப் பிரித்தாக வேண்டும். அதுதான் ரோஹிணியின் பிழைப்பு.

வெட்டுகிறது கத்தியில்லை, ஒரு நொதி. சொட்டுக் கணக்கில் வாங்கி, பனிக்கட்டிக்குள் வைத்துக் காப்பாற்றுகிற சாமான். தலைதீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை போல, எல்லாம் சரியாக இருந்தால்தான் அது கை நனைக்கும். புரதம் இறுக்கமாகச் சுருண்டிருக்கும். முதலில் சோப்பு மாதிரி ஒன்றைச் சேர்த்துக் கொதிக்கவைத்து அதைப் பிரித்துவிட வேண்டும். அந்தச் சோப்பே நொதியையும் கெடுத்துவிடும் என்பதால், அதை அடக்க இன்னொரு சாதுவான சோப்பைச் சேர்க்க வேண்டும். அப்புறம் நொதியை விட்டு, உடம்புச் சூட்டிலேயே விடிய விடிய வைத்தால் காலையில் சங்கிலி வேறு, புரதம் வேறு. சங்கிலி கழன்ற புரதம் கனம் குறைந்துபோய் ஜெல் என்கிற கூழ்த்தகட்டில் மின்சாரம் விட்டு ஓட்டினால் விறுவிறுவென்று கீழே இறங்கி ஒரு கோடாகத் தெரியும்.

ஒவ்வொரு ரத்தத்தையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றில் நொதி சேர்ப்பாள், இன்னொன்றில் சேர்க்கமாட்டாள். நல்ல ரத்தமாக இருந்தால் நொதி சேராததில் மேலே ஒரே கோடு, சேர்த்ததில் கீழே ஒரே கோடு. ஹரியின் ரத்தத்தில், நொதி சேராத பங்கிலேயே மூன்று கோடுகள் தெரிந்தன. இரண்டு சங்கிலியும் உள்ளது, ஒன்று மட்டும் உள்ளது, ஒன்றுமே இல்லாதது. நொதி சேர்த்த பங்கில் மூன்றும் இறங்கி ஒரே கோடாகிவிட்டன. ஆக, குறைந்த கனமெல்லாம் சங்கிலியின் கனம்தான், வேறு எதுவும் இல்லை. தன் நொதி செய்யவேண்டியதை யாரோ முன்கூட்டியே அந்தப் பிள்ளையின் உடம்புக்குள் புகுந்து செய்துவிட்டது போல ரோஹிணிக்கு இருந்தது. உண்மையில் யாரும் வெட்டவில்லை. ஈரல் அந்தச் சங்கிலிகளை மாட்டவே இல்லை.

இந்த வகை நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு மருந்து கிடையாது. குழந்தை இருக்கிறவரை இருக்கும். ஆனால் ஒன்றே ஒன்றுக்கு உண்டு. அதில் ஈரல் வீங்கும், வாந்தி வரும், ரத்தத்தில் குளுக்கோஸ் இறங்கிப் பிள்ளை துவண்டுபோகும், ஆனால் புத்திக்கு ஒரு குறையும் வராது. ஹரி படுசுட்டி. எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. மனசு ஒன்றை வேண்டிக்கொண்டால் கண்ணுக்கும் அதுவே பொருத்தமாகப் படும் என்பதை அவள் அப்போது யோசித்துப் பார்க்கவில்லை. டாக்டர் பாஸ்கர், ஹைதராபாத்திலிருந்து மரபணுச் சோதனை வரட்டும், அதுவரை யாரும் எதுவும் சொல்லவேண்டாம் என்று சொல்லியிருந்தார்.

வார்டு வாசல் படிக்கட்டில் வள்ளி உட்கார்ந்திருந்தாள். மூன்று வாரமாக ஒரே இடத்தில் காத்துக் கிடந்த முகம் அது. தங்கையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"இன்னாடீ, எதுனா தெரிஞ்சுதா?"

"டாக்டர் சொல்லுவாருக்கா."

"அவரு ஒண்ணும் சொல்லமாட்றாரு. நீயும் இப்டி மூஞ்ச திருப்பிக்கினா நான் எங்க போய் முட்டிக்கறது? பொழைப்பானா மாட்டானா, அத்த மட்டும் சொல்லு."

ரோஹிணியால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு விதியைப் பிடித்துத் தொங்க முடியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, புரதத்தையும் சங்கிலியையும் சொன்னாள். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"இதுல பல தினுசு இருக்குதுக்கா. ஒண்ணுக்கு மட்டும் மருந்து இருக்குது. ஹரிக்கு அதான்னு நெனைக்கிறேன். மருந்துன்னா ஊசி கீசி இல்ல. அதுவே ஒரு சர்க்கரைதான், மேனோஸ்னு பேரு. கரைச்சு வாயில குடுத்துக்கினே வந்தா சங்கிலியெல்லாம் மாட்டிக்கும்."

"சர்க்கரையா? சர்க்கரை குடுத்தா என் புள்ள பொழைச்சுக்குவானா?"

"நம்ம வீட்டுச் சர்க்கரை இல்லக்கா. வெளியிலேர்ந்து வரவழைக்கணும். டாக்டர் ஏற்பாடு பண்ணுவாரு. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ. ஆரம்பத்துல வயித்த வலிக்கும், வாந்தி கூட வரும். அதுக்கு பயந்துக்கினு நிறுத்திடக் கூடாது."

வள்ளி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். சந்தோஷ அழுகை. "சாமி கண்ண தொறந்துட்டாரு. இங்க வந்து மூணு வாரமா புள்ள வாயில பிரசாதம் கூட வைக்கல, ஆஸ்பத்திரித் தீட்டாச்சேன்னு. அந்தக் கொறை ஒண்ணுதான் எனக்கு அரிச்சுக்கினே இருந்துது" என்றாள். ரோஹிணி அதைக் காதில் வாங்கினாள், மனசில் வாங்கவில்லை. அக்காவின் பக்தி ஊரறிந்தது.

மூன்று நாள் போல ஆனதும் ஹரிக்கு வாந்தி நின்று முகம் தெளிந்துவிட்டது, வார்டில் ஓடத் தொடங்கிவிட்டான் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். மருந்து கொடுக்கத் தொடங்கும் முன்பு நிலைமை என்ன என்று பிறகு ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, போகும்போது இன்னொரு குழாய் ரத்தம் எடுத்து அனுப்பினார் டாக்டர்.

ரோஹிணி அந்த ரத்தத்தைக் கையில் எடுக்க ஒரு வாரம் ஆகிவிட்டது. வேறு வேலைகள் வரிசையில் நின்றன. அவசரமும் இல்லை, என்ன வரும் என்றுதான் தெரியுமே. மாப்பிள்ளை உபசாரமெல்லாம் குறைவில்லாமல் செய்து, மறுநாள் ஜெல்லை எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தவள் அப்படியே நின்றாள்.

நொதி சேராத பங்கில் மேலே ஒரே கோடு. தடியான, நல்ல கோடு. நடுவில் நிழல் போல மெலிதாக இன்னொன்று. கீழே ஒன்றுமே இல்லை. நொதி சேர்த்த பங்கில் எல்லாம் ஒழுங்காகக் கீழே இறங்கியிருந்தது, ஆகவே நொதியின் மேல் பழிபோட வழியில்லை.

நாகபூஷணம் வந்து மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். அவருக்குத் தெலுங்குதான் தாய்மொழி. கோபத்திலும் குழப்பத்திலும் அதுதான் வரும். "ஏம்மா, ட்யூப் மாறிப்போயிந்தா?" என்றார்.

"இல்ல சார். நானே பேர் ஒட்டினது."

"பின்னே? பொறவியிலேயே இருக்கற வியாதி, சொட்டு மருந்து ஏத்தினா போயிடுமா? மறுபடியும் பண்ணு. பழசும் புதுசும் பக்கத்துல பக்கத்துல ஓட்டு."

ஓட்டினாள். பழைய ரத்தத்தில் மூன்று கோடு, புதிய ரத்தத்தில் ஒன்று. குழாய் மாறவில்லை. அப்படியானால் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், எந்த மருந்தும் இல்லாமல், ஹரியின் ஈரல் தானாகவே சங்கிலியைக் கோத்து மாட்டத் தொடங்கியிருக்கிறது. வீட்டில் இருந்த ஏதோ ஒன்று அவனைக் கெடுத்துக்கொண்டிருந்தது. அது வார்டுக்குள் வரவில்லை. அங்கே அவனுக்குக் கிடைத்தது குளுக்கோஸ் சொட்டு, கஞ்சி, இட்லி, சர்க்கரை போடாத பால்.

சர்க்கரை போடாத பால் என்ற இடத்தில் மனசு நின்றது. ஏன் போடாத பால்? போட்டால் அவன் குடிக்கமாட்டான் என்று வள்ளி நர்சிடம் சொன்னதை இவளே கேட்டிருக்கிறாள். கரும்பு தின்னக் கூலி கேட்கிற பிள்ளை என்று எல்லோரும் சிரித்தார்கள். அப்புறம், பிரசாதம் வாயில் வைக்கவில்லை என்ற அந்தக் குறை.

இந்த நோயைப் பற்றி முன்பு படித்த கட்டுரையைத் திரும்ப எடுத்தாள். கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் இருந்தது அந்த வரி. பழச்சர்க்கரை ஒத்துக்கொள்ளாத குழந்தைகளிடமும் அச்சு அசலாக இதே மூன்று கோடுகள் வரும். அதை விலக்கிய பிறகே இந்த நோய் என்று முடிவு செய்ய வேண்டும். பழத்திலும் தேனிலும் அந்தச் சர்க்கரை அப்படியே இருக்கிறது. வெல்லத்திலும் நாம் போடுகிற வெள்ளைச் சர்க்கரையிலும் பாதி அதுதான். அதைச் செரிக்கத் தெரியாத ஈரலில் அது தேங்கிப்போய், சங்கிலி கோக்கிற வேலையையும் நிறுத்திவிடுகிறது. கொடுப்பதை நிறுத்தினால் பிள்ளை பிழைக்கும். கொடுத்துக்கொண்டே இருந்தால் போய்விடும். இந்த வரியை அவள் முன்பே படித்திருந்தாள். வேண்டாத விருந்தாளியைப் பார்த்தும் பாராதது போலப் போவோமே, அப்படித்தான் அதைக் கடந்து போயிருந்தாள்.

உடனே போன் போட்டாள். வள்ளியின் குரல் கலகலவென்று வந்தது.

"உனக்கு ஆயுசு நூறுடீ! நீ சொன்ன சர்க்கரை வர்றதுக்குள்ள நாங்களே ஆரம்பிச்சுட்டோம். உங்க மாமா போன்ல தேடிப் பார்த்தாரு. அது பழத்துல எல்லாம் இருக்குதாமே? மாம்பழம், திராட்சை, ஆப்பிள் ஜூசு, தேனு, எல்லாம் குடுத்துக்கினு இருக்கோம். காலையில எழுந்ததும் பிரசாத லட்ட பால்ல கரைச்சு ஊத்திடறது."

"துன்றானாக்கா?" ரோஹிணிக்குத் தன் குரலே யாருடையதோ போலிருந்தது.

"எங்க துன்றான்? வாயைப் பூட்டு போட்ட மாதிரி மூடிக்கறான். உங்க மாமா கைய புடிச்சுக்குவாரு, நான் மூக்கை புடிச்சு ஊத்திடுவேன். வாந்தி எடுத்துக்கினுதான் இருக்கான். நேத்துலேர்ந்து கொஞ்சம் சுருண்டு சுருண்டு படுத்துக்கறான். நீதான் முன்னயே சொன்னியே, பயந்துக்கினு நிறுத்தக் கூடாதுன்னு. ஒரு வேள கூட நிறுத்தல."

"அக்கா, நிறுத்து! எல்லாத்தையும் நிறுத்து! அந்தப் பழம், தேனு, லட்டு எதுவும் குடுக்காத. அதான் அவனை இப்டி ஆக்குது. நான் தப்பா சொல்லிட்டேன்."

வள்ளி குரலை இறக்கிக்கொண்டு சொன்னாள். யாரிடமும் சொல்லாமல் அடக்கிவைத்திருந்த சங்கதி அது. "ரோஹிணி, அவனுக்கு மலையில மொட்ட போட்டமே, அன்னைக்கு வாயில வச்ச லட்ட துப்பிட்டான்டீ. சாமி பிரசாதத்த, கோயில் வாசல்லயே. அதுலேர்ந்துதான் அவனுக்கு ஒடம்புக்கு முடியாம போச்சு. டாக்டர் இன்னா துன்றான்னு கேட்டப்ப கூட சொல்லல, எல்லாம் துன்றான்னுட்டேன். பாவம் கழியணும்னு அன்னையிலேர்ந்து தெனம் ஒரு வாய் பிரசாதம் ஊட்டிக்கினு இருந்தேன். இப்ப அதப் போய் நிறுத்துன்றியே, சாமி கண்ண குத்தமாட்டாரா?"

ரோஹிணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. இனிப்பு வாயில் பட்டாலே தன்னைக் கொல்ல வருவது அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. பேசத் தெரியாத வயதில் துப்பிச் சொன்னான். பெரியவர்கள் அதைப் பாவக் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். படித்த சித்தி அதற்கு விஞ்ஞான முத்திரையும் குத்திக் கொடுத்துவிட்டாள்.

போன் பிரபாகர் கைக்கு மாறியது. "இன்னாம்மா இது? அன்னைக்கு சர்க்கரை மருந்துன்னே, இன்னைக்கு வெஷம்ன்றே. ஏழுமலையான் பிரசாதம் வெஷமா? நீங்க படிச்சவங்க, உங்களுக்கு நாளைக்கு ஒண்ணு தோணும். எங்களுக்கு இருக்கறது ஒரு புள்ளம்மா." வைத்துவிட்டான். அதற்கப்புறம் எடுக்கவில்லை.

அவன் மேல் என்ன தப்பு? நாக்கில் நரம்பில்லை என்று யாரைச் சொல்வோமோ, அப்படிப்பட்டவளாகத் தானே ஆகிவிட்டதாக ரோஹிணிக்குத் தோன்றியது. டாக்டர் பாஸ்கரைப் பிடித்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் திட்டுவதற்கெல்லாம் நேரம் செலவழிக்கவில்லை. "பையன் சுருண்டு படுக்கிறான்னா ரத்தத்துல குளுக்கோஸ் இறங்கிக்கிட்டிருக்கு. நீங்க நேர்ல போங்க. வெறும் குளுக்கோஸ் அவனுக்கு ஆகும், அதைக் கன்னத்துக்குள்ள தடவுங்க, உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. நான் அங்கே பேசிவைக்கிறேன்" என்றார்.

மருந்துக்கடையில் குளுக்கோஸ் என்றதும் ஆரஞ்சு வாசனை போட்ட பொட்டலத்தை நீட்டினார்கள். திருப்பிப் பார்த்தாள், அதில் வெள்ளைச் சர்க்கரையும் கலந்திருந்தது. வேண்டாமென்று, வாசனை எதுவும் இல்லாததைத் தேடி எடுக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினாள். புத்தூர் வரைக்கும் பஸ் நின்று நின்று ஆள் ஏற்றியது. வெங்கடேசா, வெங்கடேசா என்று வாய் முணுமுணுத்துக்கொண்டே வந்தது. அந்தப் பெயரைத்தான் சொல்ல வேண்டியிருந்தது, வேறு பெயர் அவளுக்கு வரவில்லை.

நகரியில் அக்கா வீட்டுத் தெருவில் எல்லா வீட்டிலும் தறி ஓடிக்கொண்டிருந்தது, அக்கா வீட்டைத் தவிர. உள்ளே ஓட்டமாகப் போனாள். ஹரி வள்ளியின் மடியில் கிடந்தான். உடம்பெல்லாம் வியர்வை, தலை ஒரு பக்கம் சரிந்திருந்தது. கண் பாதி திறந்திருந்ததே தவிர பார்வை இல்லை. பக்கத்தில் ஒரு தம்ளர், அடியில் மாம்பழச் சாறு.

"காலையில கூட குடுத்தேன்டீ. ஒரு வாய்தான் குடுத்தேன்" என்றாள் வள்ளி. வேறெதுவும் சொல்லத் தெரியாதவள் போல அதையே இன்னொரு முறையும் சொன்னாள்.

ரோஹிணி பொட்டலத்தைப் பல்லால் கிழித்தாள். வெள்ளைப் பொடி கையில் கொட்டியது. வள்ளி ஒரு துளியை நாக்கில் வைத்துப் பார்த்தாள். அடுத்த நொடி தங்கையின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இதுவும் சர்க்கரைதான்!"

"ஆமாக்கா. சர்க்கரைதான். ஆனா இது வேற."

"அன்னைக்கும் வேறன்னுதானேடீ சொன்னே."

அதற்குப் பதில் சொல்லி விளங்கவைக்க ஒரு பகல் வேண்டும், பிள்ளைக்கு அவ்வளவு நேரம் இல்லை. பிரபாகர் இருவருக்கும் நடுவில் வந்து நின்றான். அடிக்கப் போகிறான் என்றுதான் ரோஹிணி நினைத்தாள். அவன் பிள்ளையின் முகத்தைப் பார்த்தான், மைத்துனியின் முகத்தைப் பார்த்தான்.

"மாமா, அன்னைக்கு நான் சொன்னது தப்பு. எனக்கு முழுசா தெரியாது, தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். இது டாக்டர் சொன்னது. இன்னைக்கு ஒரு தபா நம்புங்க, அப்புறம் ஜென்மத்துக்கும் என் மூஞ்சில முழிக்க வேணாம்."

யாரும் நம்புகிறேன் என்று சொல்லவில்லை. வள்ளியின் பிடி தளர்ந்தது, அவ்வளவுதான். பிரபாகர் ஆட்டோ பிடிக்கத் தெருவுக்கு ஓடினான்.

ரோஹிணி பொடியைத் தண்ணீரில் குழைத்துப் பிள்ளையின் உதட்டருகே கொண்டுபோனாள். அரை நினைவில் கிடந்தவனுக்கு அந்த இனிப்பு எப்படித்தான் தெரிந்ததோ, பல்லைக் கிட்டித்துக்கொண்டான். கண்ணே, ராஜா என்று கெஞ்சினாள். இல்லை. அந்த உடம்பில் மிச்சமிருந்த பலமெல்லாம் தாடைக்கு வந்துவிட்டது போல இருந்தது. இத்தனை நாள் அவனைக் காப்பாற்றப் பார்த்தது அந்தப் பிடிவாதம்தான். இன்றைக்கு அதுவே அவனைக் கொல்லப் போகிறது.

வேறு வழியில்லை. ஒரு கையால் தாடையை அழுத்திப் பிடித்தாள். இன்னொரு கையின் விரலைக் கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் நுழைத்துத் தடவினாள். அவன் கடித்தான். ரத்தம் வந்தது, விரலை எடுக்கவில்லை. துப்பப் பார்த்தான், துப்புவதற்குத் தெம்பில்லை, நாக்கு மட்டும் அவள் விரலைத் தள்ளித் தள்ளிப் பார்த்தது. வள்ளி அவன் கைகளைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். வாயில் திணிப்பதைத் தடுக்க வந்த ரோஹிணியும் கடைசியில் அதையேதான் செய்தாள். ஆட்டோவிலும் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை கன்னத்தில் தடவிக்கொண்டே இருந்தாள். ரயில்வே கேட் அருகே அவன் கண்ணில் பார்வை வந்தது. அந்தப் பார்வை முதலில் விழுந்தது அவள் முகத்தில்தான், அவள் விரல் அப்போதும் அவன் வாய்க்குள் இருந்தது.

பிள்ளை பிழைத்துக்கொண்டான். நகரியில் குளுக்கோஸ் ஏற்றி, அங்கிருந்து திருப்பதிக்கு எடுத்துப்போய், ஈரல் தேறுகிறவரை வைத்திருந்தார்கள். ஹைதராபாத்திலிருந்து வந்த சோதனையும் பழச்சர்க்கரை ஆகாது என்பதையே உறுதி செய்தது. நாகபூஷணம் ரோஹிணியை அறைக்குள் கூப்பிட்டுத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலுமாகக் கிழிகிழியென்று கிழித்தார். அவளுக்கு அது போதவில்லை என்றே பட்டது. சில வாரம் கழித்து வந்த மூன்றாவது ரத்தத்தையும் அவளையே செய்யச் சொன்னார். மேலே ஒரே கோடு, நிழல்கூட இல்லை. இத்தனை சுத்தமான கோட்டை அவள் பார்த்ததில்லை. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். ஆனால் அவள் ஜெல்லைக் கழுவிவைத்துவிட்டு அழுதாள்.

வள்ளியும் பிரபாகரும் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி வள்ளியே போன் செய்தாள். "துப்பறப்பல்லாம் அடிச்சிருக்கேன்டீ அவன. இப்ப மனசு போட்டு அறுக்குது" என்றாள். பாவத்தைப் பற்றி டாக்டரிடமே கேட்டாளாம். பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேறு யாருக்காவது கொடுத்துவிட்டால் சாமி கோவித்துக்கொள்ளமாட்டார் என்று அவர் தைரியமாகச் சொல்லிவிட்டாராம்.

ரோஹிணி போனபோது தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. உள்ளே ஹரி அம்மாவின் மடியில் உட்கார்ந்து கஞ்சியில் தோய்த்த இட்லியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. வள்ளி கையைக் கொண்டுபோகும் முன்பே ஆ என்று வாயைத் திறந்தான். பெற்றவளை மன்னிக்கப் பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சோறு போதும்.

"யாரு வந்திருக்கான்னு பாரு. சித்திடா" என்றாள் வள்ளி.

ஹரி திரும்பிப் பார்த்தான். வாயில் இருந்ததை அவசர அவசரமாக விழுங்கினான். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவின் மார்போடு ஒண்டினான்.

"சித்தி ஒண்ணும் குடுக்கமாட்டாடா. டேய், கைய எடு" என்றாள் வள்ளி. அவன் எடுக்கவில்லை.

ரோஹிணி வாசற்படியிலேயே நின்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள். ஒன்றும் இல்லை என்று காட்டினாள். அவன் கைகளைப் பார்க்கவில்லை. பொத்திய விரல்களுக்கு மேலே அவன் கண்கள் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தன.